வாழைக் கழிவில் நாரும் சாம்பலும்: ஒரு பகுப்பு அட்டவணையைப் பற்றிய ஆராய்ச்சி

தார் வெட்டிய பின் தோட்டத்தில் எஞ்சி நிற்கும் வாழையின் அடிமரத்தை ஒரு நார்ப்பொருளாகக் கொண்டு, அதன் உலர்பொருளில் நூற்றுக்கு 60 பங்குக்கு மேல் செல்லுலோஸ் உண்டு என்று தொடங்கி, ஆகவே காகிதத்துக்கும் துணிக்கும் கலப்புப் பலகைக்கும் அது தக்க மூலப்பொருள் என்று முடிக்கும் ஒரு வாதம் நமது துறைக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஒரே வாசக அமைப்புடன் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. அந்த வாதத்தின் முடிவு முழுவதும் தவறு என்று சொல்ல நான் முற்படவில்லை. ஆனால் அது எந்த எண்ணின்மேல் நிற்கிறதோ அந்த எண் வாழைமரத்தினுடையது அன்று என்பதும், மரத்தின் எண்களை மரத்திலிருந்தே எடுத்துப் பார்த்தால் நாரைக் காட்டிலும் சாம்பலே, அதாவது சாம்பலில் வந்து தங்கும் பொட்டாசியமே, இக்கழிவின் முதன்மையான செல்வமாகத் தோன்றுகிறது என்பதும் இக்கட்டுரையின் அபிப்பிராயம்.

இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் ஆதாரம் புதியதன்று; மேற்சொன்ன வாதத்தினரும் தம் கட்டுரைகளின் முதற்பக்கத்தில் மரியாதையுடன் குறிப்பிட்டுவிட்டுக் கடந்து போவதே அது. போர்ச்சுகலைச் சேர்ந்த மதெய்ரா தீவில் விளைந்த குள்ளக் கேவண்டிஷ் வாழையை இலைக்காம்பு, இலைத்தகடு, நடுத்தண்டு, பட்டை, தார்க்காம்பு என ஐந்து உறுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே பகுத்து 2007ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட அட்டவணையையே குறிப்பிடுகிறேன். அதன் எண்களைப் பின்னம் நீக்கி முழு எண்ணாகத் தருவதானால், உலர்பொருளில் செல்லுலோஸ் பட்டையில் நூற்றுக்கு 37 பங்கு, தார்க்காம்பிலும் இலைக்காம்பிலும் 31 பங்கு, இலைத்தகட்டில் 20 பங்கு, நடுத்தண்டில் 16 பங்கு. சாம்பலோ இலைக்காம்பில் 12 பங்காகத் தொடங்கி, பட்டையில் 19 பங்காகி, நடுத்தண்டில் 26 பங்காகவும் தார்க்காம்பில் 27 பங்காகவும் உயர்கிறது. லிக்னின் தார்க்காம்பிலும் நடுத்தண்டிலும் 11 பங்குக்கு அருகிலும், இலைத்தகட்டில் 24 பங்குக்கு அருகிலும் நிற்கிறது. மாச்சத்து நடுத்தண்டில் மாத்திரம் 26 பங்கு, பட்டையில் 8 பங்கு, மற்றவற்றில் அற்பம்.

ஐந்து உறுப்புகளுள் ஒன்றிலேனும் செல்லுலோஸ் 60 பங்கை எட்டவில்லை. 40 பங்கைக்கூட எட்டவில்லை. அப்படியிருக்க அந்த 60 எங்கிருந்து வந்தது? அது பொய்யான எண் அன்று. இடம் மாறிய எண். பட்டையை இயந்திரத்திலிட்டு அல்லது கையால் சீவி, சாற்றையும் சதையையும் ஒழித்து, நீரில் அலசி, வெயிலில் உலர்த்திப் பெற்ற நாரைப் பகுத்தவர்கள் நாரில் 60 பங்குக்கு மேல் செல்லுலோஸ் கண்டார்கள், அது சரியே. அலசும்போது கரையக்கூடியவை கரைந்தோடிவிடுவதால் அந்த நாரில் சாம்பல் மிகக் குறைவாகவே இருந்தது, அதுவும் சரியே. பின்வந்தவர்கள் அந்த எண்ணைத் தூக்கி, ‘வாழை அடிமரத்தின் ரசாயன அமைப்பு’ என்ற தலைப்பின்கீழ் வைத்தார்கள். நெய்யின் கொழுப்பளவைப் பாலின் கொழுப்பளவாக எழுதிவைப்பதற்கு ஒப்பான காரியம் இது. ஒருவர் எழுதியதை மற்றொருவர் எடுத்தாள, அவரை மூன்றாமவர் எடுத்தாள, மூலத்தில் பகுக்கப்பட்டது நாரா பட்டையா என்ற கேள்வியே கேட்பாரற்றுப் போயிற்று.

இந்த இடமாற்றத்தின் விளைவு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. பச்சைப் பட்டையில் நீர் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் என்பதில் விவாதமில்லை. கணக்குக்காக 93 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 100 கிலோ பச்சைப் பட்டையில் உலர்பொருள் 7 கிலோ. மேற்படி அட்டவணைப்படி அதில் செல்லுலோஸ் ஏறக்குறைய 2.6 கிலோ, சாம்பல் ஏறக்குறைய 1.3 கிலோ. அதே 100 கிலோவிலிருந்து உரித்து உலர்த்திக் கிடைக்கும் நாரோ ஒரு கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரையில்தான். அந்த நாரில் 60 பங்கு செல்லுலோஸ் என்று அவர்கள் சொல்லும் கணக்கையே ஒப்புக்கொண்டாலும், நாராக வெளிவரும் செல்லுலோஸ் 0.6 முதல் 1.2 கிலோவாகும், பட்டையிலுள்ள செல்லுலோஸில் பாதியையும் அது எட்டவில்லை. எஞ்சியது மெல்லிய சுவருடைய சதையணுக்களில் கிடந்து, சக்கையோடு சக்கையாக இயந்திரத்தின் அடியில் விழுந்துவிடுகிறது. ஆக, நார்க்கணக்கின்படி பார்த்தால் நாம் கையில் எடுத்துச் செல்வதும், கழிவு என்று விட்டுச் செல்லும் சாம்பலும், எடையில் ஒன்றுக்கொன்று நிகராகவே நிற்கின்றன. நிகரான இரண்டினுள் ஒன்றைப் பொருள் என்றும் மற்றொன்றை அசுத்தம் என்றும் அழைப்பதற்கு ரசாயனத்தில் பிரமாணம் ஏதுமில்லை.

இங்கே எதிர்பார்க்கத்தக்க முதல் ஆட்சேபம் அந்தச் சாம்பல் எண்ணைப் பற்றியது. மதெய்ரா எரிமலைத் தீவு. அதன் மண்ணின் இயல்பினாலும் இட்ட உரத்தினாலும் அங்கு விளைந்த வாழையில் கனிமம் மிகுந்திருக்கலாம். ஆகையால் அந்த அளவை வேறிடத்து வாழைக்குப் பொருத்துவது தகாது என்பர். கவனத்துடன் எடுத்துப் பார்க்க வேண்டிய ஆட்சேபம்தான். ஆயினும் ஐந்து உறுப்புகளும் ஒரே மண்ணில், ஒரே உரத்தில், ஒரே இனத்து மரத்தில் வளர்ந்தவை என்பதையும், அவற்றினிடையே சாம்பல் 12 பங்கிலிருந்து 27 பங்கு வரை, இரு மடங்குக்கு மேல், வேறுபடுகிறது என்பதையும் நினைக்க வேண்டும். மண் ஒன்றே காரணமாயின் எண்கள் எல்லாம் ஒருங்கே உயர்ந்திருக்க வேண்டுமேயன்றி உறுப்புக்கு உறுப்பு இவ்வாறு விலகியிருக்க நியாயமில்லை. தெறித்த மண்ணும் ஒட்டிய தூசியும் சாம்பலைப் பெருக்கிக் காட்டின என்று சொல்வதும் பொருந்தாது. தரையைத் தொட்டு நிற்கும் வெளிப்பட்டையில் 19 பங்கும், மண்ணுக்கு எட்டாமல் ஆகாயத்தில் தொங்கும் தார்க்காம்பில் 27 பங்கும் இருப்பதற்கு அந்த விளக்கம் இடங்கொடாது. பட்டைகளால் பல சுற்று மூடப்பட்டு வெளிக்காற்றே படாத நடுத்தண்டில் 26 பங்கு இருப்பதற்கோ அது அறவே இடங்கொடாது.

உண்மையான காரணம் உறுப்பின் தொழிலில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். நடுத்தண்டும் தார்க்காம்பும் ஒரே அச்சின் இரு பகுதிகள். கிழங்கிலிருந்து புறப்பட்டுப் பட்டைகளின் நடுவே ஏறி, உச்சியில் வெளிவந்து வளைந்து, காய்களைத் தாங்கும் அந்த அச்சின் வழியாகவே காய்க்கு வேண்டிய யாவும் செல்கின்றன. தாவரத்தின் உணவுக்குழாய்ச் சாற்றில் முதன்மையான நேரயனி பொட்டாசியம். வாழைக்காய் பொட்டாசியத்தை விரும்பி ஏற்கும் காய். வழியில் சென்றுகொண்டிருந்த சரக்கு, தாரை வெட்டிய நாளில், வழியிலேயே தங்கிவிடுகிறது. அட்டவணையில் சாம்பல் எண்கள் ஏறும் வரிசையே இவ்விளக்கத்துக்குச் சாட்சி: காயை நோக்கிய பாதையில் உள்ளவை அதிகமும், பாதையை விட்டு விலகிய இலைக்காம்பு குறைவும் கொண்டிருக்கின்றன. இலைத்தகடு ஒன்று மாத்திரம் இந்த வரிசைக்குப் புறம்பாகத் தோன்றினும், அதன் சாம்பலில் மணற்சத்தாகிய சிலிக்காவுக்கும் சுண்ணத்துக்கும் கணிசமான பங்கு உண்டாகையால் அதைத் தனிக் கணக்காக வைப்பதே முறை.

சாம்பல் என்ற எண்ணைப் பற்றி வேறொரு எச்சரிக்கையும் அவசியம். அதை என் கட்சிக்கு மாறாகவும் பயன்படுத்தலாம் என்பதை அறிந்தே சொல்கிறேன். உயிருள்ள திசுவில் பொட்டாசியம் பெரும்பாலும் கரிம அமிலங்களோடு உப்பாக இருக்கிறது. எரிக்கும்போது அந்த அமிலம் அழிந்து கார்பனேட்டாக மாறுகிறது. ஆகவே சாம்பலின் எடை முழுவதும் மரத்திலிருந்த கனிமத்தின் எடை அன்று. எரிதலில் பிறந்த கார்பனேட்டும் அதில் சேர்ந்திருக்கிறது. மறுபுறம், உலையின் வெப்பம் மிகுந்துவிட்டால் பொட்டாசியம் குளோரைடு ஆவியாகிப் போய் எண் குறைந்துவிடுகிறது. ஒன்று ஏற்றும், மற்றொன்று இறக்கும். இவ்விரண்டையும் கழித்துக் கூட்டிய பின் 19 என்பது 15 ஆகட்டும், 16 ஆகட்டும். மரக்கட்டையின் சாம்பல் நூற்றுக்கு ஓரிரு பங்குக்குள் அடங்கும் என்பதை நினைத்தால், வாழையை மரத்தின் இனத்தில் வைத்துப் பேசுவது பிழை என்ற முடிவு அசையாது.

நடுத்தண்டின் மாச்சத்தைப் பற்றியும் கருத்து வேற்றுமை உண்டு. 26 பங்கு மாச்சத்து என்பது நம்பத்தகாத அளவு என்றும், தார் வெட்டிய உடனே எடுத்த மாதிரியில் தற்செயலாகக் கண்டது என்றும் சொல்லக்கூடும். தற்செயல் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்; வெட்டிய காலத்தைப் பொறுத்தது என்பதை முழுமனத்துடன் ஒப்புக்கொள்கிறேன். தார் இறக்கிய பின் தாய்மரத்தை அடியோடு சாய்த்துவிடாமல், இரண்டடி உயரத்துக்குக் கட்டையை நிறுத்தி, அதிலுள்ள சாரம் பக்கக் கன்றுக்கு இறங்கட்டும் என்று விட்டுவைக்கும் வழக்கம் மறுதாம்புப் பயிர் வைப்போரிடையே உண்டு. வேளாண்மைத் துறையாரும் அதனையே போதிக்கின்றனர். கட்டை நிற்கும் நாள் ஏற ஏற மாச்சத்தும் பொட்டாசியமும் கிழங்கின் வழியாகக் கன்றுக்குப் போய்விடுமாகையால், வெட்டிய அன்று எடுத்த தண்டும், ஒரு மாதம் கழித்து எடுத்த தண்டும் ரசாயனத்தில் ஒரே பொருள் ஆகா. இது அட்டவணைக்குக் குறையன்று. அடிமரம் செத்த நார்க்கட்டை அன்று, அடுத்த தலைமுறைக்கு அன்னமிடும் களஞ்சியம் என்பதற்கு அட்டவணையும் உழவர் வழக்கமும் சேர்ந்து தரும் சான்று. நமது சமையலறைகளில் வாழைத்தண்டு நறுக்கப்படுவதும் இந்தக் களஞ்சியத்திலிருந்துதான்.

லிக்னின் எண்களில் எனக்கு இத்துணை நம்பிக்கை இல்லை. பொதுவாக இப்பகுப்பு, 72 பங்கு வலிமையுள்ள கந்தக அமிலத்தில் கரையாது எஞ்சுவதை நிறுத்துச் செய்யப்படுகிறது. கட்டைக்கு அது பொருந்தும். வாழையின் பச்சைப் பாகங்களிலோ அமிலத்தில் இறுகிப் போன புரதமும், துணியில் கறையாகப் படியும் அந்தத் துவர்ப்புப் பொருள்களும், இலையின் மெழுகுத்தோலும், சிலிக்காவும் அந்த எச்சத்தோடு சேர்ந்து நிற்கக்கூடும். இவற்றைக் கழித்துத் திருத்தாமல் இலையில் லிக்னின் மிகுதி என்று முடிவு கட்டிய கட்டுரைகளை நாம் தள்ளிவைக்க வேண்டும்.

இனி, ஓர் இனத்தின் அட்டவணையை எல்லா இனத்துக்கும் விரிக்கலாமா என்ற கேள்வி. கேவண்டிஷ் இனம் மூசா அக்குமினாட்டாவின் மூன்று மரபுத்தொகுதி கொண்டது. நம் நாட்டுப் பூவனிலும் ரஸ்தாளியிலும் நேந்திரனிலும் இரண்டு பங்கு அக்குமினாட்டாவும் ஒரு பங்கு மூசா பால்பிசியானாவும் கலந்துள்ளன. மொந்தனிலும் கற்பூரவல்லியிலும் பால்பிசியானாவின் பங்கே அதிகம். பால்பிசியானாக் கலப்பு ஏற ஏற நாரின் தன்மை வேறுபடும் என்று எதிர்பார்க்க இடமுண்டு. ஆகவே பட்டையில் செல்லுலோஸ் 37 என்பதைப் பூவனுக்கு அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லவில்லை. தேனி வட்டாரத்தில் ஏக்கர் ஏக்கராக நிற்கும் கிராண்ட் நைன் குள்ளக் கேவண்டிஷின் உடன்பிறப்பாகையால் அதற்கு அட்டவணை நெருங்கிய வழிகாட்டி ஆகும் என்ற அளவிலேயே நிற்கிறேன்.

வாழையினத்தில் நாருக்கென்றே வளர்க்கப்படும் மரங்களைச் சுட்டி வாதிடுவோர்க்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். பிலிப்பைன்ஸ் நாட்டு அபாக்கா, மணிலா நார் என்று கப்பற்கயிற்றுக்குப் புகழ்பெற்றது, மூசா டெக்ஸ்டிலிஸ் என்னும் வேறு இனம். அது காய்க்காக வளர்க்கப்படுவதே இல்லை. ஒக்கினாவாவின் கிஜோக்கா கிராமத்தில் பாஷோஃபு என்னும் துணி நெய்வோரும் நார்வாழை என்று தனியே ஓர் இனத்தை வளர்த்து, பட்டையைச் சாம்பற்காரத்தில் வேகவைத்து நார் எடுக்கிறார்கள். 1855இல் இந்திய நார்ச்செடிகளைப் பற்றி நூல் எழுதிய ஃபோர்ப்ஸ் ராயில் முதல் இன்று வரை உண்ணும் வாழையின் நாரைப் புகழ்ந்தவர் பலர். அவ்வளவு புகழ்ச்சிக்குப் பின்னும் தமிழ்நாட்டில் அந்த நாருக்கு நிலையான இடம் பூத்தொடுப்போர் கையிலேயே இருந்து வந்திருக்கிறது என்பது சிந்திக்கத்தக்கது.

எரிபொருளாக்கலாம் என்ற யோசனை கணக்கின் முன் நிற்காது. முன் சொன்ன 93 கிலோ நீரை ஆவியாக்குவதற்கு மாத்திரம் கிலோவுக்கு 2.26 மெகாஜூல் வீதம் 210 மெகாஜூல் வேண்டும். 7 கிலோ உலர்பொருளை எரித்தால், கிலோவுக்கு 15 மெகாஜூல் என்று தாராளமாக வைத்தாலும், 105 மெகாஜூலே கிடைக்கும். வெயிலில் உலர்த்திவிடலாமே என்பர். உலர்ந்தாலும் பொட்டாசியம் சாம்பலின் உருகுநிலையைத் தாழ்த்தி உலைச்சுவரில் கண்ணாடிபோல் ஒட்டவைக்கும். காகித ஆலையிலும் அதே பொட்டாசியம் காரநீரை மீட்டெடுக்கும் சுற்றில் சேர்ந்து இடர் விளைவிக்கும். சதையணுக்களோ கூழிலிருந்து நீர் வடிவதைத் தாமதப்படுத்தும். ஆலைக்கு இடையூறானதெல்லாம் அசுத்தம் என்று பெயர் பெற்றதற்கு இதுவே காரணம். லிக்னின் குறைவும் நீர் மிகுதியும் சாண எரிவாயுக் கலனுக்கு உகந்த குணங்கள். அங்கே வாயு பிரிந்த பின்னும் பொட்டாசியம் குழம்பிலேயே தங்கி வயலுக்குத் திரும்பும் என்பதால், எரிசக்தியே வேண்டுமென்போர்க்கு அந்த வழி ஒன்றே ஏற்றது.

பொட்டாசியத்தை நான் செல்வம் என்று சொன்னதன் பொருள் இங்கேதான் விளங்கும். தமிழ்நாட்டுத் தோட்டக்கால் நிலத்தில் நேந்திரன் நீங்கலான வாழைக்கு, மரம் ஒன்றுக்குத் தழைச்சத்து 110 கிராம், மணிச்சத்து 35 கிராம், சாம்பற்சத்து 330 கிராம் என்பது நெடுங்காலமாகச் சிபாரிசு செய்யப்பட்டு வரும் அளவு. மூன்றிலும் மிகுதி சாம்பற்சத்தே. அந்தச் சாம்பற்சத்துக்கான பொட்டாஷ் உரத்தை இந்தியா ஏறத்தாழ முழுவதும் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. இப்போது கணக்கின் மறுபுறத்தைப் பார்க்கலாம். ஒரு மரத்தின் பட்டை மாத்திரம் 20 கிலோ என்று வைத்தால், 93 பங்கு நீர் போக உலர்பொருள் 1.4 கிலோ, அதில் சாம்பல் 266 கிராம். அந்தச் சாம்பலில் மூன்றில் ஒரு பங்கு பொட்டாஷ் என்று கொண்டால் ஏறக்குறைய 90 கிராம். சிபாரிசு அளவில் நான்கில் ஒரு பங்குக்கு மேல். தண்டும் தார்க்காம்பும் இலையும் இக்கணக்கில் சேரவில்லை. இதனை நிர்ணயமான அளவாக அன்றி, எவ்வளவு பெரிய பொருளைப் பற்றி நாம் பேசாதிருக்கிறோம் என்பதைக் காட்டும் மதிப்பீடாகவே தருகிறேன்.

வாழைச் சாம்பலின் காரத்தைப் பழைய வைத்திய நூலாரும் சமையலாரும் நம்மைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். சுசுருத சம்ஹிதை க்ஷாரம் எடுப்பதற்குரிய மரஞ்செடிகளின் வரிசையில் கதலியையும் வைக்கிறது. அஸ்ஸாமில் பீம்கோல் என்னும் வாழையின் தோலையும் மரத்தையும் உலர்த்தி எரித்து, சாம்பலை நீரில் வடித்தெடுத்த கோலாகார் என்னும் காரநீர் இன்றும் சமையலில் சேர்கிறது.

இதிலிருந்து பெறப்படும் நடைமுறை நாரை விலக்குவதாக அமையவில்லை. நாரை அதற்குரிய இடத்தில் வைக்கிறது. பொட்டாசியம் திசுவோடு கட்டுண்டு நிற்பதில்லை, நீரில் எளிதில் கரைவது, நாரோ கரையாதது. ஆகையால் இரண்டும் தாமே பிரியக்கூடியவை, பிரியும் இடம் எது என்பதே பிரச்சினை. அடிமரத்தை லாரியில் ஏற்றித் தொலைவிலுள்ள ஆலைக்குக் கொண்டுபோய் நார் உரித்தால், 100க்கு 93 பங்கு நீரைச் சுமந்த கூலி ஒருபுறமிருக்க, சாற்றோடு பொட்டாசியம் அந்த ஊர்ச் சாக்கடையில் போய்ச் சேர்கிறது. ஆற்றிலும் குளத்திலும் ஊறப்போட்டுப் பிரித்தாலும் அதே கதிதான். நார் உரிக்கும் இயந்திரத்தைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து, வெளிப்பட்டையை மாத்திரம் அதிலிட்டு, சாற்றைத் தொட்டியில் பிடித்துப் பாசனநீரோடு கலந்து அதே நிலத்துக்கு விட்டு, சக்கையையும் உட்பட்டையையும் மக்கவைத்து மண்ணில் சேர்த்தால், தோட்டத்தை விட்டு வெளியே போவது சாம்பலற்ற நார் ஒன்றே. குஜராத்தின் நவசாரி வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் அடிமரச் சாற்றைத் திரவ உரமாக்கிக் காட்டியிருப்பது இத்திசையில் வரவேற்கத்தக்க முயற்சி. ஆனால் அந்த உரமும் புட்டியில் அடைபட்டு வேறு நிலத்துக்கு விலையாகிப் போகுமாயின், சாறு கொடுத்த வாழைத்தோட்டம் மீண்டும் கடைக்குப் போய்ப் பொட்டாஷ் வாங்க வேண்டியதாகும்.

கழிவை நிலத்துக்குத் திருப்பினால் வாடல்நோயும் தண்டுக் கூன்வண்டும் பெருகும் என்ற ஆட்சேபம் நோய் கண்ட தோட்டத்தின் அளவில் முற்றும் மெய். அத்தோட்டத்து மரத்தை எவ்விதத்திலும் வெளியே கொண்டுசெல்லலாகாது, ஆலைக்கும் கொண்டுசெல்லலாகாது. நலமான தோட்டத்துக்கு அதனை நீட்டுவதற்கு ஆதாரமில்லை.

ஆகையால் இத்துறையில் பகுப்பு செய்து வெளியிடுவோரிடமும், அவற்றை ஏற்று அச்சிடும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். ‘வாழைக் கழிவு’ என்ற பொதுப்பெயரின்கீழ் ஒரே எண்வரிசையைத் தருவதை இனியேனும் நிறுத்த வேண்டும். எடுத்தது பட்டையா, தண்டா, காம்பா, அலசிய நாரா, அலசாத திசுவா, எந்த இனம், தார் வெட்டி எத்தனை நாளில் எடுத்தது, பச்சை நிலையில் நீர் எவ்வளவு, சாம்பல் எந்த வெப்பத்தில் எரிக்கப்பட்டது, அதில் பொட்டாசியம் எவ்வளவு என்பவை சொல்லப்படாத அட்டவணையைக் கொண்டு எந்தத் தொழிற்சாலைக்கும் திட்டம் வகுக்க இடமில்லை. பூவனுக்கும் மொந்தனுக்கும் கற்பூரவல்லிக்கும் உறுப்புவாரியான இத்தகைய பகுப்பைத் திருச்சிராப்பள்ளியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் போன்ற நிறுவனங்கள் முதற்கடமையாக மேற்கொள்ள வேண்டும்.